அழைத்து வந்தவரும் வந்தவரும்

திருச்சியில் என் ஆலோசனை அறைக்கு வெளியே செருப்பு விடுவதற்கு ஒரு மரத்தட்டு வைத்திருக்கிறேன். புதிதாக ஒருவர் வரும் நாளில் கதவைத் திறக்கும்போது என் கண் முதலில் அந்தத் தட்டுக்குத்தான் போகும். ஒரே ஒரு ஜோடி கிடந்தால், வந்திருப்பவர் தாமாக வந்திருக்கிறார். மூன்று நான்கு ஜோடிகள் கிடந்தால், ஒருவரை மற்றவர்கள் அழைத்து வந்திருக்கிறார்கள். அந்த ஒருவருக்கு வர விருப்பம் இருந்ததா என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். இந்தப் பணியில் 14 ஆண்டுகள் கழிந்துவிட்டன. என்னிடம் வந்தவர்களில் அழைத்து வரப்பட்டவர்களே அதிகம். நான் படித்த உளவியல் புத்தகங்களோ, தாமே நேரம் கேட்டு, தனியாக வந்து, தம் சிக்கலைத் தம் வாயால் சொல்லும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த இடைவெளியில் நான் செய்த பிழைகளையும், அவற்றால் எனக்குப் படிந்த வேலைமுறையையும் இங்கே எழுதுகிறேன்.

இதில் வரும் மனிதர்கள் எவரும் அப்படியே ஒருவர் அல்லர். வயது, தொழில், உறவு ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இருவருக்கு நடந்ததை ஒருவருக்கு நடந்ததாக்கியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரே வாசித்தாலும் இது தம் கதைதானா என்று அவருக்கு ஐயம் வர வேண்டும். வெளியில் எதைப் பேசும்போதும் நான் வைத்துக்கொள்ளும் அளவு அதுதான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெயர்ப்பலகையில் ‘உளவியல் ஆலோசகர்’ என்று இருக்கிறது. ஆலோசனை என்றால் நம்மவர்களுக்கு அறிவுரை. ஆகவே வருபவர் தீர்ப்புக் கேட்கும் முகத்துடன் வருகிறார். அழைத்து வருபவர், “நாலு நல்ல வார்த்தை சொல்லி இவனைத் திருத்துங்க மேடம்” என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இலங்கைத் தமிழர்கள் இதே பணியை ‘உளவளத்துணை’ என்கிறார்கள். அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. ‘துணை’ என்று பலகையில் எழுதியிருந்தால் என்னுடைய முதல் அமர்வுகளில் பாதி விளக்கம் மிச்சமாகியிருக்கும். சொல்லை மாற்ற என்னால் முடியவில்லை. அதனால் வருபவரிடம், “நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், நீங்கள் யோசிக்கும்போது கூட உட்கார்ந்திருப்பேன், உங்கள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் என் கண்ணில் பட்டால் சொல்வேன்” என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

என் மிகப் பெரிய பிழை இரண்டாம் ஆண்டில் நடந்தது. கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். சாப்பிடுவதில்லை, இரவெல்லாம் விழித்திருக்கிறாள், புத்தகத்தைத் தொடுவதில்லை என்பது அம்மாவின் குறை. நான் பெண்ணிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன். கதவு சாத்திய பிறகு 20 நிமிடங்கள் பேச்சே இல்லை. அந்தப் பெண் துப்பட்டாவின் ஓரத்தில் இருந்த ஒரு நூலை இழுத்து, விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். உடன் படிக்கும் ஒருவனை விரும்பியிருக்கிறாள்; அவன் விலகிவிட்டான்; வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் அழக்கூட இடமில்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லி முடித்ததும் அவள் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். நல்ல அமர்வு என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி கூட வந்தது.

வாசலுக்கு வந்து வழியனுப்பினேன். பெண் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், “பையன் விஷயம் ஏதாவது இருக்குதா மேடம்?” என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்து, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றேன். ஆனால் அதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. அம்மாவின் முகம் மாறியது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையையும் நான் கவனித்தேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

வாயைத் திறக்காமலே ரகசியத்தை உடைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ‘ரகசியம் காப்போம்’ என்று படிவத்தில் அச்சிட்டிருந்தேன். ஆனால் வாசலில் அம்மா கேட்பார் என்பதையும், எல்லா அம்மாக்களும் கேட்பார்கள் என்பதையும், அந்தக் கேள்விக்கு என் முகத்தில் தயாரான பதில் ஒன்று இருக்க வேண்டும் என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பெண் சாப்பிடாமல் கிடந்தால் எவரும் கேட்கத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு முதல் அமர்வின் முதல் 15 நிமிடங்களை அடியோடு மாற்றிவிட்டேன். வந்திருக்கும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பேன். அழைத்து வந்தவர்களின் கவலையை முதலில் முழுமையாகக் கேட்பேன். அவர்களை விரைவாக வெளியே அனுப்பினால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே அமர்வுக்கு எதிரான பேச்சு தொடங்கிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி ஒரு செய்தியைச் சொல்வேன்: “இனி நாங்கள் இருவரும் தனியாகப் பேசுவோம். பேசியது இந்த அறைக்குள் இருக்கும். நீங்கள் வாசலில் கேட்பீர்கள், கேட்பது இயல்பு. நான் ‘அவரிடமே கேளுங்கள்’ என்று சொல்வேன். ஒன்றும் இல்லையென்றாலும் அதையேதான் சொல்வேன், ஏதாவது இருந்தாலும் அதையேதான் சொல்வேன். அதனால் என் பதிலை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள்.” இந்தக் கடைசி வாக்கியம் அந்தப் பெண்ணால் கிடைத்தது. வாசலில் கேள்வி வரும்போது இப்போது எனக்குத் தயக்கம் இல்லை. ஏற்கெனவே சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதே இடத்தில் விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தன் 23ஆம் பிரிவில் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற நிலைகளில் தேவையான அளவுக்கு மட்டும் தகவல் சொல்லலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 18 வயது நிறையாத ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆலோசகர் என்பதால் விலக்கு இல்லை, தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. இதை மறைத்துவிட்டு ஒரு சிறுமியைப் பேசவைத்து, பிறகு “நான் சொல்லித்தான் ஆக வேண்டும்” என்பது இரண்டாம் முறை அவளை ஏமாற்றுவதாகும். ஆகவே பள்ளிப் பிள்ளைகளிடம், கேட்பதற்கு முன்பே, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுகிறேன். சொன்னதால் சிலர் பேசாமல் போகலாம். அந்த விலையைக் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்பது என் முடிவு.

நிறுவனங்கள் அழைத்து வரும்போது இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கும். ஒரு தனியார்க் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் வேலை பார்த்தேன். மாத இறுதியில் எந்த மாணவர் எதற்காக வந்தார் என்ற பட்டியலைக் கேட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் தருவேன் என்றேன். அடுத்த கல்வியாண்டில் என்னை அழைக்கவில்லை. சம்பளம் யார் தருகிறார்கள் என்பதையும், குறிப்பேடு யார் கைக்குப் போகும் என்பதையும் வேலையில் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, நான் வாங்கவில்லை.

அழைத்து வந்தவரின் குறையும் வந்தவரின் குறையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல், ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவுக்கு மூன்று பகுதிகள் உண்டு என்று எழுதினார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பற்று. எனக்கு முதல் பகுதியே நீண்ட காலம் உதைத்தது. ‘படிப்பில் கவனம் வர வேண்டும்’ என்பது தந்தையின் இலக்கு. ‘அப்பா என்னை அண்ணனோடு ஒப்பிடாமல் இருக்க வேண்டும்’ என்பது மகனின் இலக்கு. தந்தையின் இலக்கை எடுத்துக்கொண்டு மகனுடன் வேலை செய்தால், நான் சம்பளம் வாங்கும் இன்னொரு சித்தப்பா ஆகிவிடுவேன். இப்போது தனியே பேசத் தொடங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, “இங்கே வரலாம் என்று யார் சொன்னது?” என்பது. இரண்டாவது கேள்வி, “அவர் சொன்னதை விட்டுவிடுவோம், வந்தது வந்துவிட்டோம், இந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு ஏதாவது பயன் வேண்டுமென்றால் அது என்னவாக இருக்கும்?” என்பது. ஒரு பையன், “இனிமே என்னை இங்க கூட்டிட்டு வராம இருந்தா போதும்” என்றான். சரி, அதையே இலக்காக வைத்துக்கொள்வோம், அதற்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். ஐந்து அமர்வுகள் வந்தான்.

கேள்வியின் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தங்கக் கேள்வி, “நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?” என்பது. எந்தத் தமிழர் வீட்டிலும் யாரும் யாரையும் இப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் இதைக் கேட்டபோது, “நல்லா உணர்றேன்மா” என்று மரியாதைக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் கைகட்டிக் காத்திருந்தார். நம்மவர்களின் துயரம் உடம்பின் வழியாகவே பேசும்: நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, தலையில் பாரம் ஏற்றியதுபோல் இருக்கிறது, சோறு இறங்கவில்லை. இவற்றை ‘உடல் அறிகுறி’ என்று ஒதுக்கிவிட்டு உணர்ச்சியைத் தேடுவது வீண் வேலை. “நெஞ்சு படபடக்கும்போது எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில் யார்? அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடியது?” என்று கேட்டால் கதை தானாக வெளியே வருகிறது. அந்த அம்மாளுக்குப் படபடப்பு வந்தது மாலை ஏழு மணிக்கு, கணவரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது. இதை அறிய ‘உணர்வு’ என்ற சொல்லே எங்களுக்குத் தேவைப்படவில்லை.

என் வேலைமுறையில் அதிகம் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அழைத்து வந்தார். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்பது புகார். முதல் அமர்வில் பெரியவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “என் பொண்ணு வயசு இருக்கும் உனக்கு.” அதில் கோபத்தைவிடக் கூச்சமே அதிகம் இருந்தது. இரண்டாம் அமர்வும் மௌனம். நான் நேருக்கு நேர் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டி, பயிற்சியில் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் அமர்வில் மின்சாரம் போனது. புழுக்கம் தாளாமல் இருவரும் சன்னல் பக்கமாக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்தோம். தொலைவில் ஏதோ ஒரு சங்கு ஊதியது. “உங்கள் தொழிற்சாலையிலும் சங்கு ஊதுவார்களா, ஐயா?” என்று சும்மா கேட்டேன்.

பெரியவர் 40 நிமிடங்கள் பேசினார். காலை ஷிஃப்டுக்காக நான்கு மணிக்கு எழுந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எழுந்தால் செய்ய ஒன்றுமில்லை. பாத்திரம் உருட்டினால் மருமகளின் தூக்கம் கெடுகிறது. விளக்கைப் போட்டால் பேரன் விழித்துக்கொள்கிறான். ஆகவே இருட்டிலேயே ஆறரை மணி வரை உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்ததுதான் பகலில் கோபமாகக் கொட்டுகிறது. “நூறு பேரு என்னைக் கேட்டு வேலை செஞ்சாங்க. இப்ப டிவி சத்தத்தை வைக்கிறதுக்கு நான் கேட்கணும்” என்றார். அன்றிலிருந்து என் அறையில் நாற்காலிகள் எதிரெதிராக இருப்பதில்லை; சன்னலை நோக்கிச் சற்றுச் சாய்வாக இருக்கும். குறிப்பாக ஆண்கள், என் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது நன்றாகப் பேசுகிறார்கள்.

அந்த அமர்வின் முடிவில், “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்” என்றார். இப்படி ஒரு வாக்கியம் வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. புதிதில் எனக்கும் இருந்தது. நேராகக் கேட்பதால் அப்படி ஆவதில்லை என்பதே இத்துறையில் இன்று ஏற்கப்பட்டிருக்கும் நிலை; கேட்கப்பட்டவர் ஆசுவாசமாக மூச்சு விடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். “ஐயா, செத்துப்போகலாம் என்று நினைத்ததுண்டா?” என்று கேட்டேன். சுற்றி வளைத்து, ‘தவறான முடிவு’ என்றெல்லாம் சொல்லவில்லை. “உண்டு” என்றார். எப்போது, எத்தனை முறை, வழி ஏதும் யோசித்தாரா, அது கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஊரில் தோட்டம் இருக்கிறது. அங்கே பூச்சிமருந்து இருக்கிறது.

இந்த இடத்தில் ரகசியத்தின் எல்லை வருகிறது. முதல் நாளே எல்லோர் முன்பும் சொல்லியிருந்ததால் இது அவருக்கு அதிர்ச்சியாக இல்லை. “மகனிடம் இதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்லும்போது நான் கூட இருக்கட்டுமா?” என்று கேட்டேன். இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். மகன் அழுதார், பெரியவர் மகனின் முதுகில் கை வைத்தார். மருந்து டப்பாக்களை மகன் அன்றே அப்புறப்படுத்தினார். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சென்னையின் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் முயன்று பார்த்தார்கள். கைக்கெட்டாமல் செய்வதே பாதிப் பாதுகாப்பு என்பதை அந்த முயற்சியைப் பற்றிப் படித்தபோதுதான் உறுதியாக நம்பத் தொடங்கினேன். பிறகு ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் செய்தேன்: மனம் இருட்டத் தொடங்குவதற்கு என்ன அடையாளம், அப்போது தனியாகச் செய்யக்கூடியது என்ன, யாரிடம் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம். கடைசி வரியில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும். டெலிமானஸ் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இலவச அரசு மனநலத் தொலைபேசிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தாளை மடித்துச் சட்டைப்பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

காவல்துறை வழக்கு வருமோ என்று மகன் தயங்கியதையும் சொல்ல வேண்டும். இந்த அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை. ஒருவர் நினைப்பை வெளியே சொன்னதற்கு வழக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரியவரை அதே வாரத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். நான் மருந்து எழுத முடியாது. எழுத முடியாதவர் ‘மருந்தில்லாமலே பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது ஆபத்தான பெருமை. சோர்வு, எடை மாற்றம், தூக்கக் குலைவு என்று வருபவர்களுக்கு முதலில் தைராய்டும் இரத்தசோகையும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்பது என் வழக்கம். ஒரு பெண்ணை நான்கு அமர்வுகள் ‘துயரம்’ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவருக்கு வேண்டியிருந்தது தைராய்டு மாத்திரை. மனநலம் வேண்டி குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வரும் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களிடம் கோயிலையோ வேண்டுதலையோ நான் குறைத்துப் பேசுவதில்லை. கோயிலுக்குப் போகும்போது மாத்திரையும் கூடவே போகட்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒருவரை நிபந்தனையின்றி ஏற்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். மனைவியை ‘அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்’ என்று அழைத்து வரும் கணவர் எதிரே உட்காரும்போதுதான் அதன் கனம் தெரியும். அடிப்பவரைச் சமாதானப்படுத்தும் வேலையை நான் செய்வதில்லை. எந்தத் தம்பதி வந்தாலும் ஒருமுறை தனித்தனியாகப் பேசாமல் கூட்டு அமர்வு தொடங்க மாட்டேன். தனியாக இருக்கும்போது, “வீட்டில் கை நீட்டுவது உண்டா? வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறதா?” என்று கேட்பேன். ஆம் என்றால் கூட்டு அமர்வு கிடையாது. அறைக்குள் அவர் பேசிய உண்மைக்கு வீட்டில் அடி விழும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் சொல்வேன். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. மனப்பாடம் செய்யச் சொல்வேன். கைப்பையைச் சோதிக்கும் வீடுகள் இருக்கின்றன.

உறவுமுறைச் சொற்கள் இன்னொரு சங்கடம். மேற்கத்தியப் பாடம், வருபவருடன் உறவு கொண்டாடாதே என்கிறது. இங்கே மூன்றாவது வாரமே நான் அக்கா ஆகிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ‘ஏம்மா’ ஆகிவிடுகிறேன். சொல்லை நான் தடுப்பதில்லை. தடுத்தால் முகத்தில் அடித்ததுபோல் ஆகும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் கடமைகளை ஏற்பதில்லை: கல்யாணத்துக்குப் போவதில்லை, கைமாற்று வாங்குவதோ தருவதோ இல்லை, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்வதில்லை. சமயபுரம் பிரசாதம் தந்தால் வாங்கிக்கொள்வேன். ஒருவர் தந்த வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருப்பித் தந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்திலோ மலைக்கோட்டைக் கடைத்தெருவிலோ பார்த்தால் நானாகத் தெரிந்தவள்போல் காட்டிக்கொள்ள மாட்டேன், நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன் என்று முதல் அமர்விலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்ட ஒருவர், நான் பார்த்தும் பாராமல் போனதாக இரண்டு மாதங்கள் மனம் நொந்திருந்தார்.

வீட்டில் செய்யத் தரும் வேலையைச் சிறிதாகத் தர வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் முறையில் எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதும் தாள் ஒன்று உண்டு. அதை அப்படியே கொடுத்தால் தேர்வுத்தாளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நான் மூன்றே தலைப்புகள் வைத்திருக்கிறேன்: நடந்தது, மனசு சொன்னது, நான் செய்தது. கோடு போட்ட நோட்டில், ஒரு நாளைக்கு ஒன்று. எழுதப் பழக்கமில்லாதவர் இரவில் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பெரியவருக்கு நான் தந்த வேலை, நான்கு மணிக்கு எழுந்ததும் இருட்டில் உட்காராமல் வெளியே கிளம்புவது. முதல் வாரம் தெருமுனை டீக்கடை வரை. பிறகு அம்மா மண்டபம் படித்துறை வரை. நான்காம் வாரம் அங்கே தம்மைப்போல் ஓய்வு பெற்ற மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டார். மகனிடமும் ஒன்று கேட்டேன்: வீட்டில் அப்பாவைக் கேட்டுச் செய்யும் வேலை ஏதாவது ஒன்று இருக்கட்டும். பேரனைப் பள்ளி வேனுக்கு அழைத்துப் போவதும், வீட்டில் எது பழுதானாலும் ஆள் பார்த்துச் சரிசெய்வதும் அவர் பொறுப்பாயின. கோபம் முற்றிலும் போய்விடவில்லை. எரிந்து விழுந்த பிறகு தாமே போய் டிவி சத்தத்தைக் குறைப்பதாகச் சொன்னார்.

எல்லோரும் இப்படி விடைபெற்றுப் போவதில்லை. பலர் இரண்டாம், மூன்றாம் அமர்வோடு நின்றுவிடுகிறார்கள். குணமாகி நின்றவர், பணமில்லாமல் நின்றவர், என்மேல் நம்பிக்கை போய் நின்றவர் யார் யார் என்று பிரித்தறிய வழியில்லை. வராதவரை ஒரே ஒருமுறை அழைப்பேன்; பெயரை மட்டும் சொல்வேன், எங்கிருந்து என்று சொல்ல மாட்டேன்; வேறு குரல் எடுத்தால் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். ஆகவே முதல் நாள் படிவத்தில் ‘தொலைபேசி எண்’ என்று இருந்த இடத்தில் இப்போது, ‘நீங்களே எடுக்கும் எண், எடுக்க ஏற்ற நேரம்’ என்று இருக்கிறது.

துப்பட்டா நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நான் அழைக்கவில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது அவளுடைய அம்மாவின் எண்.